தாமதமாகாத தாமத மனு

கூழைப்பேரிக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் நாலு விதமாகப் பேசுவார்கள். எல்லாம் வயிற்றெரிச்சல். சொன்ன பேச்சைக் கேட்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கதவைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போய்வரலாம். திரும்பி வருகிறவரை கதவை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். ஜன்னல் வழியாக ஒருவன் உங்கள் பீரோவை இறக்கிக்கொண்டிருந்தால், அது ஜன்னலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லப்பட்ட ஆளின் கவலை.

அந்த ஊர்ப் பேரூராட்சியில் சங்கு ஊதும் வேலை சொர்ணலிங்கத்துக்கு. வாயால் ஊதுகிற சங்கு இல்லை. ஆபீஸ் மாடியில் இருக்கிற மின்சாரச் சங்கு. சுவிட்சைப் போட்டால் அலறும், நிறுத்தினால் நிற்கும். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை அலறவிட வேண்டும். அதைக் கேட்டுத்தான் ஊரில் பள்ளிக்கூடம் மணி அடிக்கும், ரேஷன் கடை ஷட்டர் தூக்கும். ஊர் மொத்தமும் தன் ஒற்றை விரலுக்காகக் காத்திருக்கிறது என்கிற நினைப்பில் சொர்ணலிங்கம் கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பார். வேறு வேலை அவருக்குத் தெரியாது. அதை அவரே ஒப்புக்கொள்வார்.

புதிதாக வந்த செயல் அலுவலர் அம்மா ஒழுங்கு என்றால் உயிரை விடுகிறவர். வந்த அன்றே சொர்ணலிங்கத்தைக் கூப்பிட்டுத் தன் அறைச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். அந்தக் கடிகாரத்தில் ஒன்பது மணி இருந்தால் சங்கு ஊத வேண்டும், இல்லாவிட்டால் ஊதக் கூடாது, அவ்வளவுதான் வேலை என்றார். சொர்ணலிங்கத்துக்கு நன்றாகப் புரிந்தது. சங்கடமே அதனால்தான் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, சரியாக ஒன்பது மணிக்கு, அந்தக் கடிகாரத்தின் பேட்டரி தீர்ந்துபோனது. அம்மா கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்குக்குப் போயிருந்தார். சொர்ணலிங்கம் சங்கைப் போட்டார். எட்டிப் பார்த்தார். ஒன்பது மணி. சங்கை நிறுத்தாமல் மறுபடி எட்டிப் பார்த்தார். அப்போதும் ஒன்பது மணி. பசி எடுத்தது. ஆனால் காலை ஒன்பது மணிக்கு எந்த மனுஷன் மத்தியானச் சோறு சாப்பிடுவான் என்று அடக்கிக்கொண்டார். கீழே ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. குளம் உடைந்துவிட்டது என்று பாதிப் பேர் மூட்டை முடிச்சோடு கோயில் படியேறினார்கள். மீதிப் பேர், சங்கு நின்றால்தானே அடுத்த வேலை என்று, சங்கு அலறத் தொடங்கியபோது எந்த வேலையில் இருந்தார்களோ அதையே செய்துகொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் சாயங்காலம் வரை பல் துலக்கினாள்.

பொழுது சாய்ந்து திரும்பிய அம்மா, தன் கையாலேயே ஃபியூஸைப் பிடுங்கினார். சொர்ணலிங்கத்தை வேலையை விட்டு நீக்கி உத்தரவு தயாராகிறது என்று மறு வாரமே ஆபீஸில் பேச்சு அடிபட்டது.

ஊழியர் சங்கம் கூடியது. அந்தச் சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் என்று ஆளுக்கு ஒரு பதவி. தலைவர் தவசிக்கனி, குடிநீர்த் தொட்டி வால்வைத் திறந்து மூடுகிறவர். செயலாளர் கோயில்பிள்ளை, பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் சட்டம் தெரிந்தவர் என்று பெயர். பொருளாளர் மாசானம், ஆபீஸ் தபால்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர். உறுப்பினர், நம்ம சொர்ணலிங்கம். இருக்கிற ஒரே உறுப்பினருக்கும் வேலை போய்விட்டால் யாருக்குத் தலைமை தாங்குவது என்கிற கவலையில் தவசிக்கனிக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு பேரும் வக்கீல் பிரமநாயகத்தைப் பார்க்கப் போனார்கள். அவர் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"உத்தரவு உம்ம கையில கெடச்ச நாள்லேர்ந்து முப்பது நாள். அதுக்குள்ள ஊழியர் தீர்ப்பாயத்துல மேல்முறையீடு போட்டுறணும். நாள் தாண்டிட்டுன்னா தாமத மன்னிப்பு மனுன்னு ஒண்ணு சேத்துப் போடணும். எந்தெந்த நாள் தாமதமோ, அந்தந்த நாளுக்குத் தனித்தனியா காரணம் சொல்லணும். காரணம் உண்மையா இருக்கணும்வே. பொய்னு தெரிஞ்சா தூக்கி எறிஞ்சிருவாங்க."

பிறகு நாலு முகத்தையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். ரெண்டையுமே தயார் பண்ணி வைப்பதாகவும், இந்தக் கூட்டத்துக்கு இரண்டாவது கண்டிப்பாகத் தேவைப்படும் என்றும் சொன்னார். கூட்டம் அதை மனதில் எழுதிக்கொண்டது.

டீக்கடையில் கோயில்பிள்ளை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விஷயத்தை விளக்கினார். முப்பது நாள் என்பது உத்தரவு கையில் கிடைத்தால்தான் ஆரம்பம். கையிலேயே கிடைக்காவிட்டால்? முப்பது நாளாவது, முன்னூறு நாளாவது. சொர்ணலிங்கத்துக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

உத்தரவைக் கொண்டுவரும் பொறுப்பு பொருளாளர் மாசானத்திடமே வந்து சேர்ந்தது. அவர் கடமை தவறாதவர். கவரைக் கொண்டுவந்து வாசலில் நின்று நீட்டினார். சொர்ணலிங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சமையலறையிலிருந்து குழம்புச் சட்டி இறக்குகிற இடுக்கி வந்தது. மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் முழங்கையைத் தாங்கிக்கொள்ள, சொர்ணலிங்கம் இடுக்கியால் கவரைப் பிடித்து, அப்படியே கொல்லைக்குக் கொண்டுபோய்த் துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். லுங்கிக்கும் பாவாடைக்கும் நடுவில் அரசாங்க உத்தரவு ஒரு வாரம் காற்றில் ஆடியது. கோயில்பிள்ளை தினமும் ஸ்டூல் போட்டு ஏறி, வெயிலுக்கு எதிரே கண்ணை இடுக்கி, கவரைத் திறக்காமலே படிக்க முயற்சி பண்ணினார். 'பொருள்' என்கிற வார்த்தை வரை படித்துவிட்டார்.

சொர்ணலிங்கத்தின் சம்சாரம் தங்கபுஷ்பத்துக்குத் துணி உலர்த்தக் கிளிப் போதவில்லை. எத்தனை நாள் பொறுப்பாள்? ஈரப் புடவையைத் தோளில் போட்டபடி வந்து, கவரை வெடுக்கென்று பிடுங்கிப் புருஷன் நெஞ்சில் ஒரு அறை வைத்தாள்.

"இந்தாங்க. கெடச்சாச்சு. இனி எண்ணுங்க."

தவசிக்கனி பதறிப்போய், அது தங்கச்சியின் கைதானே, சொர்ணலிங்கத்தின் கையில் இன்னும் கிடைக்கவில்லையே என்று நயமாக எடுத்துச் சொன்னார்.

"அண்ணாச்சி, இவரு என்னையக் கைப்பிடிச்ச அன்னைலேர்ந்து இந்தக் கையி இவருக்காகத்தான் தேஞ்சிக்கிட்டு கெடக்கு. இது அவரு கை இல்லேன்னு எவனாவது சொல்லட்டும் பாப்போம்."

எவனும் சொல்லவில்லை. கோயில்பிள்ளைகூட, இது சட்டத்தில் வலுவான பாயிண்ட் என்று முணுமுணுத்தார்.

விஷயம் வக்கீலுக்குப் போனது. அவர், இடுக்கியில் வாங்கினாலும் வாங்கினதுதான், மாசானம் கொண்டுவந்த அன்றைக்கே நாள் ஓட ஆரம்பித்துவிட்டது என்றார். நல்ல வேளையாக இன்னும் காலம் இருந்தது. இரண்டு மனுவையும் ஒரே நூலில் கோத்துக் கட்டிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கி, நாளைக்கே போய்ப் போட்டுவிட்டு வரச் சொன்னார்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது கோயில்பிள்ளை அந்த இரண்டாவது மனுவைப் புரட்டினார். தாமதமான நாள், அதற்கான காரணம் என்று கட்டம் போட்டுக் காலியாக விட்டிருந்தது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் கோயில்பிள்ளைக்குக் கை நிற்காது. இத்தனை வருஷமாக, பிள்ளை பெற்றுப் பல மாதம் கழித்துப் பதிவு பண்ண வருகிறவர்கள் சொல்லாத காரணமா? முப்பது நாள் முடிந்ததற்கு அடுத்த வாரத்து நாட்களைப் போட்டு, தங்கு தடையில்லாமல் எழுதி நிரப்பினார். திங்கள், மனுதாரருக்கு வயிற்றுப்போக்கு. செவ்வாய், பேருந்து பழுது. புதன், நெருங்கிய உறவினர் மரணம். வியாழன், பலத்த மழை. வெள்ளி, வழக்கறிஞர் ஊரில் இல்லை. கீழே சொர்ணலிங்கத்தின் கையெழுத்து ஏற்கனவே இருந்தது. முழுசாகப் படித்துக் காட்டியபோது சொர்ணலிங்கத்துக்கே தன்மேல் இரக்கமாகிவிட்டது.

தீர்ப்பாயம் இருந்தது பெரிய ஊரில், பழைய மாடிக் கட்டிடத்தில். மனு வாங்கும் ஜன்னல் தரைத்தளத்தில், நுழைந்ததும் எதிரிலேயே இருந்தது. அதைக் கண்டதும் மாசானம் அங்கே போகப் பார்த்தார். கோயில்பிள்ளை சட்டையைப் பிடித்து இழுத்தார். நாம் போடப்போவது மேல்முறையீடு, அதைக் கீழே போட்டால் என்ன அர்த்தம்? நாலு பேரும் படியேறினார்கள். படி முடிந்த இடத்தில் மொட்டைமாடி. அங்கே ஒருவர் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். சொர்ணலிங்கம் பணிவாகக் கும்பிட்டு மனுவை நீட்டினார். தொட்டிக்குள்ளிருந்து தலை வெளியே வந்து, கை ஈரமாக இருக்கிறது, கீழே ஜன்னலில் மீனலோசனி அம்மா இருப்பாங்க, அவங்ககிட்ட குடுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனது. மேலிடமே கீழே அனுப்பிவிட்டதால் கோயில்பிள்ளைக்கும் ஆட்சேபணை இல்லாமல் போயிற்று.

மீனலோசனி அம்மா மனுவை வாங்கித் தேதி பார்த்தார். அவருக்கு இடுப்புவலி, பக்கத்து நாற்காலிக்காரி லீவு, வரிசையில் இன்னும் பலர். கையில் ரப்பர் முத்திரையை எடுத்துவிட்டார். அந்த முத்திரை ஒரு குத்துக் குத்தினால் போதும் என்று சொர்ணலிங்கத்துக்குத் தெரிந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். அப்போது அம்மா நூலில் கோத்திருந்த இரண்டாவது மனுவைக் கண்டார்.

"அப்பீலுக்கு நாள் இருக்கே. அப்புறம் இது எதுக்கு, தாமத மன்னிப்பு? தாமதம் ஆனாத்தான் இதைக் கொண்டு வரணும்."

முத்திரையைக் கீழே வைத்து, பிரித்து எடுத்துக்கொள்ளட்டும் என்று மனுக்கட்டை அவர்கள் பக்கம் தள்ளினார். யாராக இருந்தாலும் நூலை அவிழ்த்து, வேண்டாததை எடுத்துக்கொண்டு, வேண்டியதைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். நம்ம ஆட்கள் நன்றி சொல்லி, கட்டோடு தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள்.

அங்கே ஆலோசனை நடந்தது. சொர்ணலிங்கத்துக்கு மனசு அடித்துக்கொண்டது. மேல்முறையீட்டை மட்டும் கொடுத்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். கோயில்பிள்ளை அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இதுல கையெழுத்து யாருதுவே?"

"என்னுதுதான்."

"திங்கக்கெழம வயித்துப்போக்குன்னு நீரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீரு. இப்பமே அப்பீலப் போட்டுட்டு வீட்டுக்குப் போய் நல்லா இருந்தேருன்னா, இது என்ன ஆவும்?"

"பொய் ஆயிரும்."

"பொய்ன்னா வக்கீலு என்ன சொன்னாரு?"

"தூக்கி எறிஞ்சிருவாங்கன்னாரு."

மேலும், இரண்டாவது மனு கண்டிப்பாகத் தேவைப்படும் என்று வக்கீலே சொன்னார். தாமதம் ஆனால்தான் கொண்டுவர வேண்டும் என்று ஜன்னலிலும் சொல்லியாயிற்று. படித்த ரெண்டு பேர் ஒரே மாதிரி சொல்லும்போது எதிர்த்துப் பேச நாம் யார் என்று தவசிக்கனி கூட்டத்தை முடித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கபுஷ்பம் போன காரியம் என்ன ஆச்சு என்று கேட்டாள். இன்னும் தாமதம் ஆகவில்லை, அதனால் திரும்பி வந்துவிட்டோம் என்றார் சொர்ணலிங்கம். அவள் கரண்டியை அடுப்பின் மேலேயே வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய், சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

முப்பது நாள் முடிகிறவரை அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கைதவறிச் சரியான நேரத்தில் மனு போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே. கடைசி நாள் அன்றைக்கு அந்த மனுக்கட்டை ஒரு பலகை மேல் வைத்து அதன் மேல் தவசிக்கனி உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் ஐந்து மணி தாண்டியதும் எழுந்து, கால் மரத்துப்போன நிலையிலும் சொர்ணலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இனி காரணங்களை நிறைவேற்ற வேண்டியதுதான் பாக்கி.

திங்கட்கிழமைக்காக விளக்கெண்ணெய் வாங்கினார்கள். தோழன் மட்டும் அவதிப்படுவதா என்று மற்ற மூவரும் சங்கத் தீர்மானம் போட்டுத் தாங்களும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தார்கள். கூட்டம் நடந்தது சொர்ணலிங்கம் வீட்டில். அந்த வீட்டில் கக்கூஸ் ஒன்று. அன்றைக்கு அந்தத் தெருவில் நடந்ததைத் தங்கபுஷ்பம் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ் பழுதாக வேண்டும். கூழைப்பேரி பஸ் வாரம் தவறாமல் நடுவழியில் நின்றுவிடும். அந்த நம்பிக்கையில் ஏறி உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் பார்த்து அது புத்தம்புது மாப்பிள்ளை மாதிரி பறந்தது. டிரைவரிடம் போய், கொஞ்சம் பழுதாக்க முடியுமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இறங்கி நின்று நாலு பேரும் கலங்கினார்கள். மாசானம்தான் யோசனை சொன்னார். எந்தப் பேருந்து என்று மனுவில் எழுதவில்லையே. டெப்போவின் பின்பக்கம், எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்ட ஒரு பஸ் நின்றது. டிரைவர் சீட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு பப்பாளிக் கன்று முளைத்திருந்தது. அதில் ஏறி வரிசையாக உட்கார்ந்தார்கள். பஸ் கடைசிவரை நகரவில்லை. மனநிறைவோடு இறங்கி வீட்டுக்கு வந்தார்கள்.

புதன்கிழமைதான் கஷ்டம். முதல் நாள் சாயங்காலமே சொர்ணலிங்கத்தின் சித்தப்பா பேச்சிமுத்துவைப் போய்ப் பார்த்தார்கள். நெருங்கிய உறவினர் என்று இருப்பது அவர் ஒருவர்தான். நல்ல வயசு. விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள், பையன் வேலை சம்பந்தப்பட்டது என்றும் சொன்னார்கள். அவரும் கூழைப்பேரிக்காரர்தானே, கோபித்துக்கொள்ளவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"புதன்கெழம எனக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போவணும்லா. டாக்டரு வரச் சொல்லியிருக்காரு. வியாழக்கெழமன்னா பாக்கலாம்."

வியாழக்கிழமையை மழைக்குக் கொடுத்தாகிவிட்டது என்று கோயில்பிள்ளை வருத்தத்தோடு சொன்னார். சித்தப்பாவுக்கும் வருத்தம்தான். மோர் கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் பக்கத்து ஊரான ஆலடிக்குளத்தில் ஒரு பெரியவர் இறந்துபோன சேதி கேட்டு ஓடினார்கள். முன்பின் பார்த்ததில்லை என்றாலும், வேலை போய்விடுமோ என்கிற பயம் இத்தனை நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததால் சொர்ணலிங்கத்துக்கு அழுகை பீறிட்டு வந்தது. அவர் அழ, மற்ற மூவரும் அழ, அந்த வீட்டுப் பெண்களே அழுகையை நிறுத்திவிட்டு இவர்களைத் தேற்ற வந்தார்கள். இவ்வளவு நெருங்கின சொந்தம் இதுவரை தெரியாமல் போச்சே என்று பங்காளிகள் வரிசையில் உட்காரவைத்து நாலு பேருக்கும் மொட்டை அடித்துவிட்டார்கள். சுடுகாட்டுக் காரியம் முடிந்து வரும்போது இறந்தவரின் மகன் மெதுவாகக் கேட்டார், நீங்க எந்த வழியில சொந்தம் என்று.

"தீர்ப்பாயத்து வழி," என்றார் சொர்ணலிங்கம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வியாழக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. இப்போது மண்டையில் முடியும் கிடையாது. மழை தன் பொறுப்பு என்று தவசிக்கனி சொல்லியிருந்தார். சொர்ணலிங்கத்தின் தெரு முனையில்தான் குடிநீர்த் தொட்டி. அதைக் கழுவும்போது மட்டும் திறக்கிற பெரிய வால்வு ஒன்று மேலே உண்டு. அதை ஒரே திருகாகத் திருகினார். தெரு முழுக்கப் பொழிந்து தள்ளியது. முழங்கால் தண்ணீர். ரேஷன் கடைக்காரர் மழைக்கு ஷட்டரை இறக்கினார், பள்ளிக்கூடத்தில் மழை விடுமுறை விட்டார்கள், மாடியில் வடகம் காயப்போட்டிருந்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மழை நின்ற பிறகு ஊரில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இத்தனை மழை பெய்தும் தண்ணீர்ப் பஞ்சம் தீரவில்லையே என்று எல்லோரும் அங்கலாய்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை வழக்கறிஞர் ஊரில் இருக்கக் கூடாது. பொழுது விடிந்ததும் வக்கீல் பிரமநாயகம் வீட்டு வாசலில் நாலு மொட்டைகள் வரிசையாக நின்றன. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். உள்ளே வரவிடாமலே விவரம் கேட்டார். விளக்கெண்ணெயில் ஆரம்பித்து வால்வு வரை சொர்ணலிங்கம் ஒன்று விடாமல் சொன்னார். கேட்டு முடித்ததும் வக்கீல் ஜன்னலைச் சாத்தினார். பின்கட்டு வழியாக இறங்கி, கிடைத்த ஆட்டோவில் ஏறி, ஊரை விட்டே போய்விட்டார். யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. எல்லாக் காரணத்திலும் இது ஒன்றுதான் சுலபமாக முடிந்தது என்று சங்கம் பதிவு செய்துகொண்டது.

திங்கட்கிழமை மனு போட்டார்கள். மீனலோசனி அம்மா ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். மொட்டையைப் பார்த்து, வீட்டில் ஏதோ துக்கம், அதனால்தான் தாமதம் என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் விசாரணைக்கு வந்தது. சொர்ணலிங்கம் தலையில் அரும்பியிருந்த முடியைத் தடவிக்கொண்டு கூண்டோரமாக நின்றார். அரசு வக்கீல் எழுந்து, மனுதாரர் சொல்லும் காரணங்கள் எல்லாம் ஜோடனை, எவனும் சொல்கிற காரணங்கள், தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார். நீதிபதி ஓய்வு பெறப் போகிற வயசுக்காரர். மனுவைப் படித்தார், தேதியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"வயித்துப்போக்கு வந்ததா எழுதியிருக்கீங்க. ஆனா மனுவுல கையெழுத்துப் போட்ட தேதி அதுக்கு முன்னாடியே இருக்கே."

"ஆமாங்கய்யா. முதல்ல எழுதினோம். பொறவு வரவச்சோம்."

"வரவச்சீங்களா?"

"பொய்யா இருக்கக் கூடாதுன்னாங்கய்யா."

நீதிபதி ஒவ்வொரு நாளாகக் கேட்டார். சொர்ணலிங்கம் ஒவ்வொரு நாளாகச் சொன்னார். சித்தப்பாவுக்குப் புதன்கிழமை தோதுப்படாத விஷயம் வந்தபோது அரசு வக்கீல் தன் காகிதத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். இத்தனை வருஷத்தில் ஆயிரம் தாமத மனு பார்த்திருப்பதாகவும், சொன்ன காரணம் அத்தனையும் நிஜமாக நடந்த மனுவை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொல்லி நீதிபதி தாமதத்தை மன்னித்தார். அப்புறம் மூல விஷயத்துக்கு வந்தார். அன்றைக்குக் கடிகாரத்தில் ஒன்பது மணிதான் இருந்ததா என்று எதிர்த்தரப்பில் வந்திருந்த செயல் அலுவலர் அம்மாவைக் கேட்டார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமாம் என்றார். உத்தரவை மீறவே இல்லாத ஆளை எதற்காக நீக்குவது என்று கேட்டு, நீக்கல் உத்தரவை ரத்து செய்து, நீதிபதி தீர்ப்பை வாசித்தார்: மனுதாரர் சொர்ணலிங்கம், நீக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு நாளும் இடைவெளியின்றித் தொடர்ந்து பணியில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும்.

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. தங்கபுஷ்பம் அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

மறுநாள் காலையில் சொர்ணலிங்கம் நல்ல சட்டை போட்டு, டிபன் பாக்ஸோடு ஆபீஸுக்குக் கிளம்பினார். வாசலை நெருங்கும்போது மாடியில் சங்கு அலறியது. பிசகில்லாமல், சரியான நேரத்துக்கு. அவர் இல்லாத காலத்தில் செயல் அலுவலர் அம்மா தானாகவே ஊதுகிற டைமர் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். அது சொர்ணலிங்கத்துக்கு யார் சொல்லித் தெரியும்? அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளே போகாமல் நேரே சங்கத்தைக் கூட்டினார்.

"உள்ள ஒரு ஆளு இருக்கான்வே. ஊதிக்கிட்டு இருக்கான்."

கோயில்பிள்ளை தீர்ப்பு நகலை விரித்துவைத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கும் வியர்த்தது. இத்தனை நாளும் சொர்ணலிங்கம் பணியில் இருந்ததாக நீதிபதி எழுதியிருக்கிறார். நீதிபதி பொய் எழுத மாட்டார். ஆனால் இந்தச் சொர்ணலிங்கம் பப்பாளிக் கன்றுக்குப் பக்கத்து சீட்டில் இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

"அப்போ வேலையில இருந்தது யாரு?" என்று கேட்டார் தவசிக்கனி.

"கருதப்பட்ட சொர்ணலிங்கம்," என்றார் கோயில்பிள்ளை, குரலைத் தாழ்த்தி. "இவரு இல்லாத நேரம் பாத்து உள்ள பூந்துட்டான்."

இருப்பது ஒரே வேலை. அதில் இரண்டு பேர் உட்கார முடியாது. போய்ச் சண்டை போட்டால் கோர்ட்டு தீர்ப்பையே எதிர்த்த மாதிரி ஆகிவிடும். இவ்வளவு பாடுபட்டு வாங்கின வேலையை எவனோ ஒருவன் லீவு கூட எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று சொர்ணலிங்கம் புலம்பினார். வீட்டில் சொன்னபோது தங்கபுஷ்பம், டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்ததைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு ஆளுக்குப் பொங்கிப் போடவே எனக்கு முடியல, ரெண்டாவது ஆளுக்கெல்லாம் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் இந்தத் தடவை ஒரு விஷயத்தில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். முப்பது நாள் காத்திருப்பதில்லை, இடுக்கி கிடையாது, விளக்கெண்ணெய் கிடையாது. மறுநாளே புது மனுவோடு முதல் பஸ் பிடித்து, மாடிப்படியை ஏறெடுத்தும் பார்க்காமல், தரைத்தளத்து ஜன்னலில் போய் நின்றார்கள். மீனலோசனி அம்மா மனுவை வாங்கித் தேதி பார்த்தார். கெடுவுக்குள் இருந்தது. தாமத மனு எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அவருக்கே ஆச்சரியம். திருப்தியாக முத்திரை குத்தினார். பிறகுதான் படித்தார்.

"மனுதாரர் பேரு சொர்ணலிங்கம். எதிர்மனுதாரர் பேரும் சொர்ணலிங்கம்னு போட்டிருக்கே."

"ஆமாம்மா. அவன் வேற."

"விலாசமும் ஒண்ணாத்தானே இருக்கு."

"அதாம்மா எனக்கும் வயித்தெரிச்சலு."

மீனலோசனி அம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். வரிசை நீளமாக இருந்தது, இடுப்புவலி விட்டபாடில்லை, முத்திரையும் குத்தியாகிவிட்டது. பெருமூச்சு விட்டு, எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் ஒன்று எழுதி, இதை அவரிடம் நேரில் கொடுக்க வேண்டும், இப்போது எங்கே இருப்பார் என்று கேட்டார்.

சொர்ணலிங்கம் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து யோசித்தார்.

"இப்பம் டூட்டியில இருப்பாரும்மா. வேலை நேரத்துல தொந்தரவு பண்ணக் கூடாது. எங்கிட்டக் குடுங்க, சாயங்காலம் அவரு வீட்டுக்கு வந்ததும் நானே குடுத்து நானே வாங்கிக்கிடுதேன்."